போகச் சொன்னார்

சவர நுரையை இரண்டு கன்னத்திலும் தடவி முடித்தபோது அப்பா கண்ணைத் திறந்தார். "மீசையில கை வச்சுடாதடா. அப்புறம் அவளுக்கு அடையாளம் தெரியாமப் போயிடும்" என்றார்.

சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது. நேற்று முழுக்கத் தண்ணீர் கேட்பதற்குக்கூட வாயைத் திறக்காதவர், இன்று கேலி பேசுகிறார். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் அவர் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மூத்த மகளை, பெரியவளைப் பார்க்க வேண்டும். அதைத்தான் யாராலும் கொண்டுவந்து கொடுக்க முடியவில்லை. அவள் பக்கத்து ஊரில் இருந்தால் வண்டி அனுப்பலாம். வெளிநாட்டில் இருந்தால் விமானம் ஏறி வரச் சொல்லலாம். அவள் விண்வெளி நிலையத்தில் இருந்தாள். மழைக்காலத்துக்கு முன்னால் மேலே போனவள். அவளை இறக்கிவரும் கலம் கிளம்ப இன்னும் மாதக்கணக்கில் இருந்தது.

ஆகவே மதியம் திரையில் பேசுவதாக ஏற்பாடு. அதற்குத்தான் இந்தச் சவரம், சலவைச் சட்டை எல்லாம். சின்னவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். நாள் முழுக்க அடுத்தவர் முகத்துக்கு அருகில் கையை வைத்து வேலை செய்கிறவன். ஊரில் பாதிப் பேருடைய மூக்கும் காதும் அவனுக்கு அத்துப்படி. ஆனால் அப்பாவின் முகத்தை இத்தனை அருகில் பார்த்தது இந்த ஒரு மாதமாகத்தான். கன்னம் குழிந்து எலும்போடு ஒட்டியிருந்தது. நாக்கை உள்ளே துருத்திக் கன்னத்தை உப்ப வைக்கச் சொன்னான். அவர் முயன்றார். அது நாக்கா மூச்சா என்று தெரியாதபடி லேசாக ஏதோ அசைந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டிடங்களில் அவர் கை படாத லிஃப்ட் குறைவு. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பெரியவளைக் கூடவே வேலைக்கு அழைத்துப்போவார். மேல்மாடியில் மெஷின் அறையின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கீழே லிஃப்ட் ஓடும் குழியின் அடியில் அவளை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வார். இருட்டுச் சுவர்கள் நான்கும் மேலே போய், உச்சியில் ஒரு சின்னச் சதுர வெளிச்சம். அவள் கழுத்து வலிக்க அதையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். சின்னவனையும் ஒருமுறை அழைத்துப்போனார். அவன் கிரீஸ் வாடை தாங்காமல் வாந்தி எடுத்தான். அதோடு சரி.

வேலை நடக்கும்போதே விண்வெளிக் கதைகளும் நடக்கும். அப்பாவுக்கு அதில் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது. முதன்முதலில் பூமியைச் சுற்ற ஒரு நாயை அனுப்பினார்களே, அதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. நாயை அல்ல, அனுப்பியவர்களை. ஏற்ற வழி கண்டுபிடித்தவர்கள் இறக்க வழி யோசிக்கவே இல்லை என்று, அது ஏதோ நேற்று நடந்ததுபோலக் கோபப்படுவார். தரையிலேயே, ஒத்திகையின்போது தீப்பிடித்து மூன்று வீரர்கள் கருகிப்போன கதையைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். அந்தக் கலத்தின் கதவு உட்பக்கமாகத் திறக்கிற கதவு. உள்ளே அழுத்தம் ஏறியதும் இழுக்க முடியவில்லை. "கதவு திறக்கலன்னா மத்தது எதுவும் கணக்கில்ல" என்பார். நிலவில் இரண்டு பேர் நடந்தபோது, மூன்றாமவர் மட்டும் தனியாக நிலவைச் சுற்றிக்கொண்டு இருந்தாரே, அவர்தான் அப்பாவுக்குப் பிடித்தவர். நிலவின் மறுபக்கம் போகும்போது ஒரு மனிதக் குரல்கூட எட்டாது. ஆனாலும் இறங்கிப் போனவர்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ள ஓர் ஆள் காத்திருந்தாக வேண்டும். "அவருதான் நம்ம ஜாதி. லிஃப்ட்காரரு" என்பார்.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் கிளம்பிப் போனதில் ஆச்சரியம் இல்லை. அம்மாதான் இன்றுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் கதை சொல்கிறேன் என்று சொல்லிச் சிறகை ஒட்டிவிட்டாராம்.

வலது கன்னம் முடிந்தது. சின்னவன் கத்தியைக் கிண்ணத்தில் அலசினான்.

"அவ கேட்டத யோசிச்சேன்" என்றார் அப்பா.

போன வாரப் பேச்சின்போது, அம்மா மாத்திரை எடுக்க எழுந்து போன நேரம் பார்த்துப் பெரியவள் அதைக் கேட்டிருந்தாள். செவ்வாய்க்குப் போகும் முதல் குழுவில் அவள் பெயரும் வந்திருக்கிறது. போய்த் திரும்ப மூன்று வருடம் ஆகும். திரும்பினால். கீழே வந்ததும் பயிற்சி தொடங்கிவிடும். சம்மதத்தை இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். "நீங்க சொல்லுங்கப்பா. நீங்க வேணாம்னா நான் போகல" என்றாள். அம்மாவின் காலடி கேட்டதும் எல்லோரும் பேச்சை மாற்றினார்கள்.

"என்ன முடிவு பண்ணீங்க?"

அப்பா கொஞ்ச நேரம் மூச்சுச் சேர்த்தார்.

"வேணாம்னு சொல்லப் போறேன்."

சின்னவனின் கை நின்றது.

"போன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். வரல." மறுபடி மூச்சு. "இதுவரைக்கும் அவ ஏறும்போதெல்லாம் நான் கீழ இருந்தேன். அவ்வளவு தூரம் ஏத்திவிட்டா, இறக்குறப்ப நான் இருக்க மாட்டேனேடா."

சின்னவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்படி வந்ததே என்று மறுகணம் கூசிப்போனான். ஆனால் வந்தது வந்ததுதான். இந்த ஒரு வருடமாக ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை, அம்மாவின் முட்டிவலி, கடை என்று ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தான். திரையில் தெரியும் அக்காவிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிருந்தது. அக்கா வரட்டும். வந்து இங்கேயே இருக்கட்டும். அப்பாவே சொல்லிவிட்டால் நல்லதாகப் போயிற்று.

"சரிப்பா. நீங்களே சொல்லுங்க. இந்தப் பக்கம் திரும்புங்க."

அவர் திரும்பவில்லை. பேசிய களைப்பில் கண் அசந்துவிட்டார் என்று நினைத்து, தாடையை இரண்டு விரலால் பிடித்து அவனே திருப்பினான். தலை மிகச் சுலபமாகத் திரும்பியது. கழுத்தில் இருக்க வேண்டிய அந்தச் சின்ன எதிர்ப்பு இல்லை. சின்னவன் அப்படியே இருந்தான். நுரைக்குமிழ்கள் ஒவ்வொன்றாக உடையும் சத்தம் கேட்பதுபோல இருந்தது. மூக்கடியில் விரலை வைத்தான். பிறகு மார்பில் காதை வைத்தான். அவன் காதிலும் கன்னத்திலும் நுரை ஒட்டிக்கொண்டது.

அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று அவன் கவனிக்கவில்லை. அவள் கத்தவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்தாள், கட்டிலுக்கு வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாள், ஜுரம் பார்ப்பதுபோல. பிறகு மகனைப் பார்த்தாள்.

"பாதியில விடாத. முடிச்சிடு" என்றாள்.

அவன் முடித்தான். ஒரு கீறல்கூட விழவில்லை. அம்மா வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தைத் துடைத்தாள். மீசையை விரலால் ஒதுக்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்து நாற்காலி போட்டார்கள். மதியத்துக்குச் சற்று முன்னால், விண்வெளி மையத்தின் குடும்பத் தொடர்பு அதிகாரி கையில் பையோடு லிஃப்டிலிருந்து இறங்கினார். பெரியவள் மேலே போனதிலிருந்து பேச்சு நாட்களில் வந்து திரையைப் பொருத்திக் கொடுக்கிற பெண்மணி. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தயங்கித் தயங்கி, பெரியவளிடம் யார் சொல்வது என்று கேட்டார்.

அம்மா அந்தக் கேள்விக்கே தயாராக இருந்தவள்போல நிமிர்ந்தாள். யாரும் சொல்லக் கூடாது என்றாள். நாளைக்குப் பெரியவள் நிலையத்தைவிட்டு வெளியே போய் வேலை செய்ய வேண்டும். ஒரு கயிற்றை நம்பி அந்தரத்தில் தொங்க வேண்டும். மனசு உடைந்த பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு இவள் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. முன்பு ஒருமுறை, ஏழு பேரை ஏற்றிப்போன விண்வெளி ஓடம் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வானத்தில் சிதறியதையும், கீழே நின்ற குடும்பங்கள் அது என்னவென்று புரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதையும் அவள் டிவியில் பார்த்திருக்கிறாள். அந்த முகங்கள் அவளுக்கு மறக்கவில்லை.

"அடுத்தடுத்து ரெண்டு பேரக் குடுக்க என்னால முடியாது" என்றாள்.

அதிகாரி சின்னவனைப் பார்த்தார். கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு வீரரிடமும் கேட்பார்கள்: நீங்கள் மேலே இருக்கும்போது கெட்ட செய்தி வந்தால் உடனே சொல்லவா, இறங்கிய பிறகு சொல்லவா, யார் சொல்ல வேண்டும்? பெரியவள் தயங்கவே இல்லை. உடனே சொல்ல வேண்டும், தம்பிதான் சொல்ல வேண்டும் என்றாள். கிருமி அண்டாமல் அவர்களை அடைத்து வைத்திருந்த அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒலிவாங்கி வழியாக அவனிடமும் கேட்டாள். அவன் தலையை ஆட்டியிருந்தான்.

"நான் சொல்லியாகணும்மா" என்றான்.

"உனக்கு அக்கா. எனக்குப் பிள்ள." அதற்குமேல் அம்மா பேச இடம் கொடுக்கவில்லை. அவளே பேசுவாளாம். அப்பா கண் அசந்துவிட்டார், எழுப்ப வேண்டாம் என்பாளாம். நாளை வேலை முடிந்து உள்ளே வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். முகத்தைக் கழுவிக்கொண்டு, வேறு உடை மாற்றிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "கண் அசந்துட்டாரு" என்று வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சின்னவன் அவளுக்குப் பின்னால் நின்றான். வந்திருந்தவர்கள் மூச்சுக் காட்டாமல் மாடிப்படிக்கு ஒதுங்கினார்கள்.

திரை ஒருமுறை கலங்கித் தெளிந்தது. பெரியவள் வந்தாள். அப்பாவுக்காகத் தலை வாரியிருந்தாள். வாரி என்ன பயன், முடி நாலா பக்கமும் எழுந்து நின்றது. முகம் லேசாக வீங்கியிருந்தது. அங்கே எல்லோருக்கும் அப்படித்தானாம், ரத்தம் கீழே இறங்காது. அவள் பதில்கள் எப்போதும் ஒரு மூச்சு தள்ளித்தான் வந்து சேரும்.

"என்னம்மா, நீ உக்காந்திருக்க? அப்பா எங்க?"

"உள்ளதான் இருக்காரு" என்றாள் அம்மா. குரல் நன்றாகவே இருந்தது. "இப்பத்தான்…"

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் கண்ண மூடினாரு."

சொல்லிவிட்டாள். சொன்னது என்னவென்று அவள் காதுக்கே பிறகுதான் எட்டியது. கை தானாக வாய்க்குப் போனது. ஆனால் சொல் கிளம்பிவிட்டது. கூரையைத் தாண்டி, மேகத்தைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. இன்னும் அது போய்ச் சேரவில்லை. திரையில் பெரியவள் இன்னும் சிரித்த முகமாகவே இருந்தாள். அந்த ஒரு மூச்சு நேரத்தை அதற்குப் பிறகு சின்னவனால் மறக்கவே முடியவில்லை.

பிறகு அது போய்ச் சேர்ந்தது.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள்.

"டேய்" என்றாள்.

"ஆமாக்கா. காலையில. சவரம் பண்ணிட்டிருந்தேன். வலி எதுவும் இல்ல. பேசிட்டே இருந்தாரு."

அவள் கேவவில்லை. கண்ணில் நீர் திரண்டது. திரண்டது கீழே இறங்கவில்லை. கண்ணுக்கு மேலேயே கண்ணாடிக் குமிழ்போல ஒட்டிக்கொண்டு பெருத்தது. மூக்குத்தண்டின் வழியாக மெல்ல அடுத்த கண்ணுக்கும் பரவியது. அதற்குள்ளிருந்து அவளுடைய விழி பெரிதாகவும் கோணலாகவும் தெரிந்தது. அம்மா நாற்காலியைவிட்டு எழுந்து திரைக்கு வெகு அருகில் வந்துவிட்டாள்.

"தொடச்சுக்கோம்மா. தொடச்சுக்கோ."

"அது கீழ விழாதும்மா" என்றாள் பெரியவள். "இங்க அப்படித்தான்."

அம்மாவின் விரல் கண்ணாடியில் பட்டு நின்றது. மேலே, பெரியவள் ஒரு துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துணி நீரை உறிஞ்சியது. மறுபடி திரண்டது.

அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாள். சின்னவன் திரையைக் கழற்றி, உள்ளே எடுத்துப்போய், கட்டிலருகில் குனிந்து பிடித்தான். வெகு நேரம் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோள் வலித்தும் அவன் கையை மாற்றவில்லை. முகம் நன்றாக இருக்கிறது என்றாள் கடைசியில். மீசை அப்படியே இருக்கிறது என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நான் கேட்டிருந்தேனேடா. அதுக்கு ஏதாவது சொன்னாரா?"

அறைக்கதவருகில் அம்மா நின்றாள். அதிகாரி அவளுக்குப் பின்னால் நின்றார். சின்னவன் கையிலிருந்த அந்த முகத்தைப் பார்த்தான். வேணாம்னு சொன்னாரு என்றால் போதும். பொய்கூட இல்லை, நடந்ததைச் சொல்வதுதான். அவள் இறங்கி வருவாள். இந்த வீட்டிலேயே இருப்பாள். ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் நடுவே ஓட இன்னொரு ஆள் கிடைக்கும். அவனுக்கு வேண்டியது அதுதான். வேண்டியதாக இருந்ததாலோ என்னவோ, அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"போகச் சொன்னாரு" என்றான்.

"நிஜமாவா? எப்படிச் சொன்னாரு?"

"'ஏறினவங்க இறங்கித்தான் ஆகணும், போய்ட்டு வரச் சொல்லு'ன்னாரு. 'கதவ மட்டும் நல்லாப் பாத்துக்கச் சொல்லு'ன்னாரு."

பெரியவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் அவள் உடைந்தாள். முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. குலுங்கிய வேகத்தில் உடம்பு மெல்ல மெல்லத் திரையைவிட்டு விலகிப்போனது. யாரோ ஒருவருடைய கை பின்னாலிருந்து வந்து அவள் தோளைப் பிடித்து நிறுத்தியது. அதோடு தொடர்பு அறுந்தது. நிலையம் அடிவானத்துக்கு அப்பால் போய்விட்டதாக அதிகாரி மெதுவாகச் சொன்னார்.

மாலையில் எடுத்துப்போக வண்டி வந்தது. அப்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. அந்தக் கட்டிடத்து லிஃப்ட் சின்னது. படுக்க வைத்த ஆளை அதில் கொண்டுபோக முடியாது. வண்டிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு கட்டி, சாய்த்து நிறுத்தி இறக்கலாம் என்றார்கள். வழக்கமாக அப்படித்தான் செய்வார்களாம். அப்பாவோடு வேலை பார்த்த மெக்கானிக்குகள் கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர், எல்லோரும் கிரீஸ் என்று கூப்பிடுகிறவர், முன்னால் வந்தார்.

"அவர நிக்க வச்சு எறக்க வேணாம்" என்றார். "நாங்க இருக்கோம்."

கிரீஸ் முதலில் போய் லிஃப்டின் விசையை அணைத்தார். உள்விளக்கு அணைந்தது. பிறகு மாடிப்படி வழியாகத் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் இறங்கியவர்கள் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி, பின்னால் வந்தவர்கள் முட்டி மடித்துத் தாழ்ந்து, ஒரு பக்கமும் சரியவிடாமல் சமமாகவே கொண்டுபோனார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. கனமான பொருளைக் குறுகலான இடத்தில் இறக்கிப் பழகியவர்கள். சின்னவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினான். அவனுக்குத் தூக்க இடம் கிடைக்கவில்லை.

மறுநாள் பெரியவள் வெளியே போனாள். போக வேண்டாம், வேறு ஆளை அனுப்புகிறோம் என்று மையத்தில் சொன்னார்களாம். வேலை இருக்கிறது என்றாளாம். டிவியில் காட்டினார்கள். வெள்ளை உடையில் இரண்டு பேர், உலோகச் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தார்கள். முகக்கவசத்தின் தங்கப்பூச்சில் முகம் தெரியவில்லை. எது பெரியவள் என்று கேட்டதற்கு, காலில் சிவப்புக் கோடு உள்ளவள் என்று சின்னவன் காட்டினான். அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலைக்காப்பி அவள் கையிலேயே ஆறிப்போயிருந்தது.

"வெந்நீர் கொண்டுவந்தேன் இல்ல" என்றாள் திடீரென்று. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "அப்பவே அங்கதான் நின்னேன்."

சின்னவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"அவரு சொன்னது கேட்டுச்சு. போன வாரம் அவ கேட்டதும் கேட்டுச்சு."

டிவியில் யாரோ, கருவியை இடது பக்கம் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அதையே சொல்லியிருந்தா வந்திருப்பா" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"வந்து?"

சிவப்புக் கோடு சட்டத்தின் மறுபக்கம் போய் மறைந்து, திரும்ப வெளியே வந்தது.

"அந்தச் செவ்வாயிலேருந்து பேசினா, பேச்சு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும்?"

"தூரத்தப் பொறுத்தது. சில சமயம் இருபது நிமிஷம்கூட ஆகும். நாம பேசறது போய்ச் சேரவும் அவ்வளவு."

அம்மா அதை மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள்.

"அப்ப என்ன, சாப்பிட்டியான்னு கேட்டுட்டு, அவ பதில் வர்றதுக்குள்ள ஒரு வேலைய முடிச்சிடலாம்."

அவன் தலையாட்டினான். அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டிவி ஓடிக்கொண்டே இருந்தது. குளியலறையில், நேற்று அப்பாவின் கட்டிலிலிருந்து எடுத்த விரிப்பை அவள் ஊறவைத்திருந்தாள். அலசி முடித்தும் அது தனியாளால் தூக்க முடியாத கனமாக இருந்தது. கூப்பிடவில்லை, அவனே எழுந்து போனான். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, நடையின் இரு பக்கமும் நின்று, எதிரெதிராக முறுக்கினார்கள். தண்ணீர் தரையில் கொட்டியது. அம்மா நிறுத்தவில்லை. அவன் இன்னொரு சுற்று முறுக்கினான்.